ஆம்னிக்கு ஒரு அடாப்டர்

காலை எட்டரை மணிக்கு எனக்குத் தூக்கம் வரும். கொட்டாவி விட்டுச் சமாளிக்கிற வகை இல்லை. கடை ஷட்டரை இழுத்து இறக்குவதுபோல் இறங்கும். மூன்று வருஷம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு செல்ஃபோன் கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தேன். விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறி, எட்டரைக்கு அறையில் பாயில் விழுவேன். ஒருநாள் போகப் பிடிக்கவில்லை. போகவில்லை. ஒடுகத்தூருக்கே திரும்பி வந்துவிட்டேன். வேலையை விட்டது எனக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியும். உடம்புக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

இதில் கஷ்டம் என்னவென்றால், இப்போது அதே எட்டரைக்கு நான் மூன்று ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலையின் வளைவுகளில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன்.

வண்டி ராஜாக்கண்ணு மாமாவுடையது. பழைய ஆம்னி வேன். ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு அரசுப் பள்ளி. அங்கே வேலை பார்க்கிற மூன்று பேருக்கும் ஒடுகத்தூரில் வீடு. ஆலங்காயம் வழியாக ஏறி, சாயங்காலம் அவர்களை இறக்கிக் கொண்டுவந்து விடவேண்டும். மாமாவிடம் சொல்லி இந்த நடையை எனக்கு வாங்கித் தந்தது அம்மா. எனக்கு இருந்த ஒரே நிலையான வேலை அதுதான். அது போனால் மறுபடியும் ராத்திரி ஷிஃப்ட். அது வேண்டாம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

நடையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவர் தலைமை ஆசிரியர் பஞ்சாட்சரம். பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பக்கத்தில் பி.டி. வாத்தியார் அருள்மணி, ஏறியதும் ஃபோனைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தால் பள்ளிக்கூட கேட்டில்தான் நிமிர்வார். கணக்கு டீச்சர் சிவசங்கரிக்கு முன்சீட்டு. ஜூனில் கலசப்பாக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். முதலில் பின்னால்தான் உட்கார்ந்தார். இரண்டாவது வாரத்தில் தனக்கு வாந்தி வருகிறது என்று சொல்லி முன்னால் வந்துவிட்டார்.

காவலூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புளியமரம் இருக்கிறது. பெரும்பாலும் அந்தப் பக்கம் வரும்போதுதான் அவருக்கு வரும்.

"வெற்றி, வண்டிய நிறுத்து."

குரல் வகுப்பறைக் குரல். வெற்றிச்செல்வன் என்கிற என் முழுப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. இந்தப் பாதிப் பெயரையும் இத்தனை சத்தமாக யாரும் கூப்பிட்டதில்லை. நான் திடுக்கிட்டுப் பிரேக்கை மிதிப்பேன். அவர் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி மரத்துக்குப் பின்னால் போவார். திரும்பி வந்து, "மிச்சத் தண்ணி கீது. மூஞ்சியக் கழுவிக்க. எண்ணெ வழியுது" என்பார். கழுவிக்கொள்வேன். தூக்கம் கலைந்துவிடும். அப்புறம் மேலே போய்ச் சேரும்வரை கவலை இல்லை.

சில நாள் அவர் கூப்பிடும்போது என் கண் பாதி மூடியிருக்கும். சரியான நேரத்தில் வாந்தி வந்தது என்று நினைத்துக்கொள்வேன். ஒருவருடைய வாந்திக்கு மனசுக்குள் நன்றி சொன்ன ஆள் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

ராத்திரி தூங்கவேண்டியதுதானே என்று கேட்கலாம். பத்து மணிக்குப் படுப்பேன். கம்பெனியில் முதல் டீ கொடுக்கிற நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். காவலூர் வானாய்வகத்தில் ராத்திரி முழுக்கக் கண் விழித்து நட்சத்திரம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதற்குச் சம்பளம்.

ஒரு வெள்ளிக்கிழமை பஞ்சாட்சரம் சார் பேப்பரை மடித்து வைத்தார்.

"டீச்சர், நான் குத்தம் சொல்லலீங்க. ஆனா தெனமும் நான் போறதுக்குள்ள பிரேயர் முடிஞ்சி பசங்க கிளாசுக்குப் போய்டுது. ஹெட்மாஸ்டரே லேட்டா வந்தா எவன் பயப்படுவான். காசி வண்டி பெரிய வண்டி, குலுங்காது. திங்கக்கெழமையிலேர்ந்து அதுல போலாமா?"

காசி எங்கள் ஊர்தான். இந்த நடை மீது அவனுக்கு ரொம்ப நாளாகக் கண்.

டீச்சர் திரும்பிப் பார்க்காமலே பேசினார். "பெரிய வண்டி எனக்கு ஆவாதுங்க சார். பாட்டு ஓடிச்சின்னா வராது. அன்னிக்கு ரேடியோ கேட்டுக்கினே வந்தமே, அன்னிக்கு வந்துச்சா?"

"மலை ஏறினா ரேடியோதான் செத்துப் போவுதே."

"வேற ஏதாவது வாங்கி மாட்டட்டும். ஒரு மாசம் பாருங்க."

"ஒரு மாசம்," என்றார் சார். பேப்பரை மறுபடி விரித்தார்.

சனிக்கிழமை பூபாலன் கடைக்குப் போனேன். ஒடுகத்தூர் கடைத்தெருவில் செல்ஃபோன் சாமான் விற்கிறான். என்னோடு பள்ளியில் படித்தவன். நான் வண்டியை நிறுத்தும்போது டீச்சர் ஏற்கெனவே அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வாந்தி அவருடையது, அதனால் மருந்தையும் அவரே பார்த்து வாங்குவார் போல என்று நினைத்தேன்.

"இன்னா வெற்றி, மாமா வண்டிக்கு சீர் செய்யப் போறியா?" என்றான் பூபாலன். "அதுல இன்னா செட்டு கீது?"

"கேசட் போடறது. ரேடியோவும் கீது."

அவன் ஒரு டப்பாவைத் துழாவி, தூசி படிந்த ஒரு கேசட்டை எடுத்தான். அதிலிருந்து மெல்லிய ஒயர் வால்போலத் தொங்கியது. "இத செட்டுல போடு. வால ஃபோன்ல குத்து. பாட்டு அப்படியே வரும்."

ஃபோனில் குத்துவதற்கு ஓட்டை வேண்டும். என் ஃபோனில் அது இல்லை. இப்போது வருகிற பாதி ஃபோன்களில் இல்லை. மூன்று வருஷம் ராத்திரி ராத்திரியாக நான் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பெட்டிக்குள் வைத்தது ஓட்டை இல்லாத அந்த ஃபோன்களைத்தான். அதை அவனிடம் சொல்லவில்லை. செட்டு கேசட்டைத் தின்றுவிடும் என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

அடுத்து நீல விளக்கு எரிகிற ஒன்றைக் காட்டினான். சிகரெட் பற்றவைக்கிற துளையில் அதைச் சொருகவேண்டும். ஃபோனிலிருந்து புளூடூத்தில் பாட்டை வாங்கி, வண்டி ரேடியோவுக்கு அனுப்பும். பார்க்க நன்றாக இருந்தது. எனக்குப் பிடித்தது.

"ஃபோன் வந்தா?" என்று கேட்டார் டீச்சர்.

"அதான் டீச்சர் விசேஷம். பாட்டு நின்னுடும், பேசறது ஸ்பீக்கர்ல வரும். கையே வைக்கத் தேவையில்ல. ஓட்டிக்கினே பேசலாம்."

"அப்ப வேணாம்."

"ஏன் டீச்சர்?"

"ஓட்டிக்கினே பேசத் தேவையில்ல. அதோட இவன் பாட்டெல்லாம் நெட்டுல கேக்கறான். மேல போனா டவர் எங்க கீது?"

மூன்றாவது, பார்வைக்கு மட்டமாக இருந்தது. அதையும் அதே துளையில்தான் சொருகவேண்டும். ஃபோன் தேவையில்லை. பாட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதன் முதுகில் குத்தினால் போதும். சிவப்பு எழுத்தில் ஒரு நம்பர் காட்டும். ரேடியோவில் அதே நம்பரை வைத்தால் பாட்டு வரும்.

வண்டியிலேயே சொருகிப் பார்த்தோம். பாட்டு வந்தது. கூடவே தங்கம் விலை சொல்கிற ஒரு பெண்ணும் வந்தாள். நம்பரை மாற்றினான். யாரோ ஒருவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து. இன்னொரு நம்பரில் உஸ்ஸென்று இரைச்சல், அதன் அடியில் தண்ணீரில் முங்கிய மாதிரிப் பாட்டு. எந்த நம்பரை வைத்தாலும் ஏதாவதொரு ஸ்டேஷன் குறுக்கே வந்தது.

"குப்பை," என்றேன். "வேணாம் டீச்சர். நீல லைட்டே வாங்கிக்கலாம்."

"ஒடுகத்தூர்ல ஓடணும்னு யார் கேட்டா? இங்க எனக்கு வாந்தி வர்ல. மேலதான் ஸ்டேஷனே இல்லையே, அங்க குறுக்க யார் வரப் போறா?"

பூபாலன் அதை யோசித்ததே இல்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. நானும் யோசிக்கவில்லை. இதை வாங்குகிற எல்லோரும் கடை வாசலில் போட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். அதனால்தான் அவனிடம் அத்தனை மீந்து கிடந்தன.

"மேல எடுக்கலன்னா கொண்டாந்து குடுத்துடுங்க டீச்சர். அட்டைய மட்டும் கிழிக்காதீங்க."

அட்டையை நான் ஏற்கெனவே கிழித்திருந்தேன்.

பாட்டு ஏற்ற பூபாலன் கம்ப்யூட்டரைத் திறந்தான். மெலடி, சோகம், குத்து, பக்தி என்று தனித்தனியாக வைத்திருந்தான். வயிற்றைப் பிரட்டுகிறவருக்கு மெலடிதான் இதமாக இருக்கும் என்றேன்.

"மெலடி போட்டுத் தூங்கவா? வேணாம். பம்பை கீதா?"

"பம்பையா?"

"மாரியம்மன் திருவிழால அடிப்பாங்களே. பம்பை உடுக்கை. காது கிழியற மாதிரி இருக்கணும்."

"டீச்சர், வாந்திக்குப் பம்பையா?" என்றான் பூபாலன்.

"என் வாந்தி, என் பம்பை. ஏத்து."

திங்கட்கிழமை கிளம்பும்போதே போட்டுவிட்டேன். ஆலங்காயம் வரை கரகரவென்றுதான் இருந்தது. "இன்னா தம்பி, மீனு வறுக்கறாங்களா?" என்று சார் கேட்டார். மலை ஏற ஆரம்பித்ததும் தங்கம் விலைக்காரி மங்கினாள். இன்னொரு வளைவு திரும்பியதும் பிறந்தநாள் வாழ்த்துக்காரன் போனான். அதற்கடுத்த வளைவில் மலை எங்களை உள்ளே வாங்கிக்கொண்டது. இரைச்சல் மொத்தமும் சட்டென அறுந்து பம்பை தனியாக வெளியே வந்தது. வண்டியின் தகரம் அதிர்ந்தது. கண்ணாடி அதிர்ந்தது. என் பல் அதிர்ந்தது.

அருள்மணி சார் முதல்முறையாக ஃபோனிலிருந்து நிமிர்ந்தார். "சார், கதவ நல்லா சாத்திக்குங்க. யாராவது சாமி வந்து இறங்கிடப் போறாங்க."

பஞ்சாட்சரம் சார் கண்டிக்கப் போகிறார் என்று கண்ணாடியில் பார்த்தேன். அம்மன் பாட்டு என்பதால் அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பேப்பர் விளிம்பில் அவர் விரல் தாளம் போட்டது.

எட்டரை வந்தது, போனது. புளியமரம் வந்தது, போனது. டீச்சர் நிறுத்தச் சொல்லவில்லை. பிரேயருக்கு முன்னால் சார் கேட்டுக்குள் நுழைந்தார். அந்த வாரம் முழுக்க அப்படியே. அந்த மட்டமான சாமானை நான் தினமும் துணியால் துடைத்து வைத்தேன்.

உடம்பு எதற்கும் பழகிவிடும். கம்பெனியில் மெஷின் சத்தத்திலேயே நின்றுகொண்டு தூங்கியிருக்கிறேன். மூன்றாவது வாரம் பம்பையும் மெஷின் சத்தம் ஆகிவிட்டது. ஒருநாள் புளியமரத்துக்குக் கொஞ்சம் முன்னால், "வெற்றி, வண்டிய நிறுத்து."

"டீச்சர், பாட்டுதான் ஓடுதே. இப்ப இன்னா?" என்றார் சார். கோபம் தெரிந்தது.

"இன்னிக்கு இட்லி ஒத்துக்கலீங்க சார்."

மறுநாள் தோசை ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு மறுநாள் சார் கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார். "மாசம் முடியப் போவுது" என்று பொதுவாகச் சொன்னார்.

அடுத்த நாள் வண்டிக்கு கிளட்ச் போய்விட்டது. சொல்லி வைத்தாற்போல. மெக்கானிக் சாயங்காலம்தான் தருவேன் என்றான். வேறு வழியில்லாமல் நானே காசியிடம் போய், இன்று ஒருநாள் அவர்களைக் கூட்டிப் போகச் சொன்னேன். என் கையாலேயே நடையை எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் காசி என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"வெற்றி, அந்த டீச்சருக்கு வாந்தி வாந்தின்னியே. என் வண்டில போறப்பவும் வர்ல, வர்றப்பவும் வர்ல. வேர்க்கல்லய மடியில கொட்டிக்கினு மலை பூரா உரிச்சித் தின்னுக்கினே வந்தாங்க. வண்டியெல்லாம் தோலு."

"பாட்டு போட்டியா?"

"என் செட்டு ரிப்பேரு. பாட்டும் இல்ல கூத்தும் இல்ல. உன் ஓட்டு அப்படிடா. வாந்தி எடுக்க வைக்கற ஓட்டு."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். முதலில் வந்தது கோபம்தான். என் ஓட்டில் குறை என்றால் நேரில் சொல்லவேண்டியதுதானே. வீட்டுக்குப் போகிற வழியில் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. கண் சொருகுகிற நேரம் பார்த்து வரும் வாந்தி. மிச்சத் தண்ணீர். மெலடி வேண்டாம் என்றது. ஃபோன் பேசுகிற சாமான் வேண்டாம் என்றது. மரத்துக்குப் பின்னால் போன டீச்சர் ஒருநாள்கூட முகம் வெளுத்துத் திரும்பி வந்ததில்லை. நான் அதைக் கவனித்ததே இல்லை. எப்படிக் கவனிப்பேன், தூங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் டீச்சரைத்தான் முதலில் ஏற்றினேன். மற்ற இருவர் வீடும் அதற்குப் பிறகு.

"காசி வண்டில வேர்க்கல்ல சாப்ட்டீங்களாமே, டீச்சர்."

"ஆமா. உப்பு பத்தல."

"வாந்தி?"

அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் கைகாட்டினார்.

"ரெண்டாவது வாரம் பின்னாடி உக்காந்துக்கினு கண்ணாடில உன் கண்ணப் பார்த்தேன். மூடியிருந்துச்சி. வண்டி பாட்டுக்கு வளைவுக்குப் போவுது. அன்னிக்கு நெசமாவே வயித்தப் பெரட்டிச்சி. பொய் இல்ல."

"சார் கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உன்ன நிறுத்திடுவாரு. நீ திரும்ப அந்த நைட் ஷிஃப்ட்டுக்குப் போவ. இன்னும் கெட்டுப் போவ." பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் மூடினார். "எழுப்பினா எழுந்துக்கற. அது போதும்னு நெனச்சேன். ஆனா பம்பையும் வேலைக்கு ஆவலன்னா வேற ஏதாவது யோசிக்கணும். நாலு உசுரு போற வண்டி இது. அதையும் உன் கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

நன்றி சொல்லத் தெரியாத ஆள் நான். கியரை மாற்றினேன்.

அன்றைக்கு மலையில் பம்பை ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனாலும் புளியமரத்தடியில் நானாகவே வண்டியை ஓரங்கட்டினேன்.

"டீச்சர், மறுபடியுமா?" என்றார் சார்.

"டீச்சருக்கு இல்லீங்க சார். எனக்கு."

இறங்கிப் போய் அவர் ஜன்னல் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ராத்திரி ஷிஃப்ட், எட்டரை மணி, கண் சொருகுவது, டீச்சர் எழுப்பியது. சுருக்கமாகத்தான் சொன்னேன். நீட்டிச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

அருள்மணி சார் ஃபோனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். "அப்ப நாம இத்தினி நாளா..."

"ஆமாங்க சார்."

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

பஞ்சாட்சரம் சார் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்தே காசிக்குப் பேசி முடிச்சிருப்பேன்," என்றார். "ஆனா அவன் கீழ கிளம்பினதுலேர்ந்து மலையில டவர் அறுந்து போற வரிக்கும் பொண்டாட்டியோட ஃபோன்ல சண்ட போட்டுக்கினே ஒத்தக் கையில திருப்பறான். இறங்கறதுக்குள்ள அவன் வூட்டு கதை முச்சூடும் எனக்குப் பாடம் ஆயிடுச்சி. பயத்துல நான் கண்ணையே தொறக்கல." பேப்பரை மடித்தார். "நாளையிலேர்ந்து சீக்கிரமா கெளம்பு. இங்க நிறுத்து. மூஞ்சியக் கழுவு, நட, இன்னா வேணா பண்ணு. சாயங்காலம் வரிக்கும் மேல சும்மாதான கெடக்கற, அங்க ஒரு தூக்கம் போடு. தூக்கம் வந்துச்சின்னா வாயத் தொறந்து சொல்லு. சொல்லாம ஓட்டினன்னா அன்னிக்கே கணக்கு தீர்த்துடுவேன். புரியுதா?"

"புரியுதுங்க சார்."

"டீச்சர், நீங்க பின்னாடி வாங்க. முன்னாடி நான் உக்காந்து இவன் கண்ணப் பார்க்கறேன்."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டுப் பின்னால் போனார். சார் முன்சீட்டில் ஏறி, பெல்ட்டைத் தேடி இழுத்து மாட்டி, என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். நான் முகத்தைக் கழுவிவிட்டு வண்டியை எடுத்தேன். நடை என்னிடமே இருக்கிறது என்பது அடுத்த வளைவில்தான் எனக்கு உறைத்தது. ஸ்டீரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

காவலூர் தாண்டியது. சாமைக் கொல்லைகளின் மேல் வெயில் ஏறியிருந்தது. பம்பை உச்சத்தில் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால், என் கண்ணைப் பார்க்க வந்த சார் தலையைக் கதவில் சாய்த்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அருள்மணி சார் பின்னாலிருந்து அதை ஃபோனில் படம் எடுத்தார்.

"வெற்றி, வண்டிய நிறுத்து."

அதே வகுப்பறைக் குரல்.

"டீச்சர், எனக்குத் தூக்கம் வர்லீங்க. நல்லாத்தான் ஓட்டறேன்."

"உனக்கு இல்லப்பா. பின்னாடி உக்காந்தா... எனக்கு வாந்தி வருது."

கண்ணாடியில் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. ஓரங்கட்டினேன். இம்முறை தண்ணீர் பாட்டிலை நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். முடியும்வரை பக்கத்தில் நின்று, கையில் தண்ணீர் ஊற்றினேன்.

"மிச்சத் தண்ணி கீது டீச்சர்," என்றேன். "மூஞ்சியக் கழுவிக்குங்க."

கழுவிக்கொண்டார். "பாட்டக் கொஞ்சம் கொறச்சி வையி," என்றார். "மண்ட இடிக்குது."

திரும்பி வந்து சாரை எழுப்பிப் பின்னால் அனுப்பினேன். டீச்சர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். சத்தத்தைக் குறைத்தேன். மட்டமான அந்த அடாப்டரில் சிவப்பு நம்பர் எரிந்துகொண்டிருந்தது.